எப்போது என்று கேளுங்கள்

யூராலஜி பிரிவில் ஓ.பி. சீட்டில் எழுதப்படும் புகார்கள் மிகக் குறைவு. நீர்க்கடுப்பு, நீர் சொட்டுதல், நீரில் ரத்தம், விலா வலி, நீரடைப்பு. காலையில் வந்து பெஞ்சுகளை நிறைக்கும் எல்லோரும் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். பெரும்பாலோருக்குக் கல், கிருமித் தொற்று, புராஸ்டேட் வீக்கம் என்று நாங்கள் அன்றாடம் பார்க்கும் நோய்கள்தாம் இருக்கும். அரிய நோய் உள்ளவரும் அதே பெஞ்சில், அதே புகாரோடுதான் உட்கார்ந்திருப்பார். கூட்டத்துக்குள் அவரை இனங்காண வேண்டிய பொறுப்பு எங்களுடையது.

முதுநிலைப் படிப்பில் எனக்கு ஆசிரியராக இருந்தவர் வார்டு ரவுண்ட்ஸில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வார்: "என்ன தொந்தரவுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. எப்பன்னு நீதான் கேக்கணும்." எந்த வயதில் ஆரம்பித்தது, நாளில் எந்த வேளையில், மாதத்தில் எந்தத் தேதியில், நீர் கழிப்பதற்கு முன்னா பின்னா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். நாங்கள் பின்னால் நின்று எழுதிக்கொள்வோம். பிறகு காவிரிப் படுகையில் தொழில் நடத்திய ஆண்டுகளில், அரிய நோய் ஒன்றைக் கண்டுபிடித்தபோதெல்லாம் முதல் தடயம் இந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான் எனக்குக் கிடைத்தது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகு வந்து உறுதி செய்தன. அப்படிச் சில நோயாளிகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது, தொழில் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் விவரங்களில் எதையும் மாற்றவில்லை.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பகுதி பழைய மருத்துவர்களுக்கு யானைக்கால் நோயால் பழக்கமான பகுதி. தேங்கிய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு ஃபைலேரியா புழுவை மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொண்டுபோகிறது. வீங்கிய காலை ஊரே பார்க்கும். அதே புழு சிறுநீரகத்துக்குள்ளும் ஒரு தொல்லையை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். நீர் வெள்ளையாகப் போகிறது என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது தாது நஷ்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்களிடம் லேகியத்துக்கும் மாத்திரைக்குமாக நிறையப் பணம் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு பார்த்த மருத்துவர்கள் சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். ஆள் இளைத்துக்கொண்டே போயிருந்தார்.

"எப்ப வெள்ளையா இருக்கு?"

"காலையில மொத நீரு சார். கறி தின்ன மறுநாள் ரொம்ப."

"எப்பவாவது தெளிஞ்சிருக்கா?"

யோசித்தார். "பொரட்டாசி மாசம் பரவால்ல சார். நாங்க அந்த மாசம் கறி, மீன் எடுக்கறதில்ல."

அந்தப் பதிலுக்குப் பிறகு சந்தேகத்துக்குப் பெரிய இடம் இல்லை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பு நேராக ரத்தத்தில் சேர்வதில்லை. குடலிலிருந்து நிணநீர் நாளங்கள் வழியாக மேலேறி, கழுத்தருகே ரத்தத்தில் கலக்கிறது. ஃபைலேரியா அந்த நாளங்களைச் சிதைத்து அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலில் பாயும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. நிணநீர் சிறுநீரகத்துக்குள் உடைத்துக்கொண்டு கொழுப்பும் புரதமும் நீரோடு வெளியேறுவதுதான் கைலூரியா. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மருத்துவர்கள் இதை நிறையப் பார்க்கிறார்கள். இங்கே அரசு கொடுத்த ஃபைலேரியா தடுப்பு மாத்திரைகளால் தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பல வருடங்களுக்கு முன் வந்துபோன தொற்றின் விளைவு இப்போதும் தலைகாட்டுகிறது.

சோதனை எளிது. கண்ணாடிக் குழாயில் நீரை எடுத்து ஈதர் விட்டுக் குலுக்கினால் கொழுப்பு கரைந்து வெண்மை தெளியும். பாஸ்பேட் உப்பினால் வந்த வெண்மையானால் சில சொட்டு அசிட்டிக் அமிலத்தில் தெளிந்துவிடும். சீழ் இரண்டுக்கும் தெளியாது. நீரில் டிரைகிளிசரைடு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தால் கைலூரியா உறுதியாகிவிடும். ரத்தத்தில் ஃபைலேரியாவின் குஞ்சுப் புழுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கும் நேரம் முக்கியம். நம் நாட்டில் அவை இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு அதிகமாக வரும். பகலில் எடுத்த ரத்தத்தில் இல்லை என்று வந்தால் அதற்குப் பொருளில்லை. கைலூரியா வரும் கட்டத்தில் இரவு ரத்தத்திலும் பல நேரம் புழு தென்படாது. இவருக்கும் தென்படவில்லை.

முந்தைய இரவு வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிட வைத்து, காலையில் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டாஸ்கோப் செய்தோம். சிறுநீர்ப்பையின் வலப்பக்கத் துவாரத்திலிருந்து தெளிந்த நீர் வந்தது. இடப்பக்கத்திலிருந்து பால் பீய்ச்சியது. டைஎத்தில்கார்பமசின் மாத்திரையும் கொழுப்புக் குறைந்த சாப்பாடும் கொடுத்துப் பார்த்தும் முழுதாக நிற்காததால், மெல்லிய குழாய் வழியே இடது சிறுநீரகத்துக்குள் நீர்த்த பொவிடோன் அயோடின் கரைசலைச் செலுத்தினோம். அது உடைந்த நாளங்களைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது. சிலருக்கு மறுபடி வரும். அப்படி வந்தால் மீண்டும் செய்யலாம், அதிலும் நிற்காதவர்களுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள நிணநீர் நாளங்களை அறுவையால் துண்டிக்கலாம். இவருக்கு ஒரே சிகிச்சையில் தெளிந்தது. அவருடைய அனுமதியோடு மனைவியையும் உள்ளே கூப்பிட்டு, இது தாதும் இல்லை, ஒழுக்கக்கேட்டால் வந்ததும் இல்லை, கொசுக்கடியால் வந்தது என்று விளக்கினேன். சிகிச்சையின் பெரும்பகுதி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அழைத்து வந்த தாய் ஒரு பை நிறையத் துணி வைத்திருந்தார். பிள்ளை எந்நேரமும் நனைந்தபடி இருக்கிறாள். பள்ளியில் தனியாக உட்காரவைக்கிறார்கள். போன இடத்திலெல்லாம் படுக்கையில் நீர் போகும் பழக்கம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். குலதெய்வத்துக்கு வேண்டுதலும் வைத்தாயிற்று.

"ராத்திரி மட்டுமா, பகல்லயும் நனையுதாம்மா?"

"எப்பவும் டாக்டர். ஒரு நேரம் காஞ்சு பாத்ததில்ல."

"பாப்பா தானா போய் உக்காந்து நீர் கழிக்கிறாளா?"

"நல்லாப் போறா. போய்ட்டு எந்திரிச்சு வர்றதுக்குள்ள திரும்ப நனைஞ்சிருக்கு."

படுக்கையில் நீர் போகும் குழந்தைக்கு உலர்ந்த நேரம் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்பில் கோளாறு உள்ள குழந்தையால் ஒழுங்காகப் போய்க் கழித்துவிட்டு வர முடியாது. இந்தக் குழந்தைக்கு உலர்ந்த நேரமே இல்லை, ஆனால் நீர் கழிப்பது ஒழுங்காக நடக்கிறது. இரண்டும் ஒருசேர இருந்தால், பையில் தங்காமல் வேறு வழியாக வெளியே வரும் சிறுநீர் கொஞ்சம் இருக்கிறது என்று பொருள்.

சில குழந்தைகளுக்கு ஒரு சிறுநீரகம் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு அமைப்பாகப் பிறவியிலேயே அமைந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். மேல் பாதியிலிருந்து வரும் குழாய் கீழ் பாதியின் குழாயைவிடத் தாழ்வான இடத்தில் திறக்கும். இதை வைகர்ட்–மேயர் விதி என்று படிக்கிறோம். பெண் குழந்தைகளில் அது மிகவும் தாழ்ந்துபோய், நீரைப் பிடித்து நிறுத்தும் தசைக்கும் கீழே, சில நேரம் பிறப்புறுப்பிலேயே திறந்துவிடும். பிறகு இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண் குழந்தைகளில் இந்தக் குழாய் எவ்வளவு இடம் மாறினாலும் அந்தத் தசைக்கு மேலேதான் திறக்கும். அதனால் அவர்களுக்குச் சொட்டுவதில்லை.

இந்த மேல் பாதி பெரும்பாலும் சிறுத்து, சரியாக வேலை செய்யாமல் இருக்கும். அதனால் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும். இந்தக் குழந்தைக்கும் முந்தைய ஸ்கேன்களெல்லாம் நார்மல் என்றே இருந்தன. நாங்கள் முதலில் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று. சிறுநீர்ப்பைக்குள் சின்ன டியூப் வழியே மெத்திலீன் நீலச் சாயம் கலந்த நீரை நிரப்பி, கீழே வெள்ளைப் பஞ்சு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பஞ்சு நனைந்தது, ஆனால் நீலம் ஏறவில்லை. சொட்டும் நீர் பையிலிருந்து வரவில்லை என்று அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. மேல் பாதி நன்றாக வேலை செய்தால் அதன் குழாயைக் கீழ் பாதியின் குழாயோடு இணைக்கலாம், அல்லது பையில் புதிதாகப் பொருத்தலாம். இவளுக்கு அந்தப் பாதி கிட்டத்தட்டச் செயலிழந்திருந்ததால் எடுத்துவிட்டோம். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்தத் தாய் எதுவும் பேசாமல் உலர்ந்த துணியை எடுத்து நீட்டினார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு இதே நோயோடு வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். சிறுவயதிலிருந்தே துணி வைத்துக்கொண்டு, இது தன் விதி என்று நம்பிக் காலம் கழித்தவர்கள். சரியான வயதில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அவர்கள் பள்ளிப் படிப்பை விட்டிருக்க மாட்டார்கள்.

நீரில் ரத்தம் என்று வந்த இன்னொரு பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டாவது பிரசவமும் சிசேரியன். அதற்குப் பிறகு அவ்வப்போது நீர் சிவப்பாகப் போகிறது என்பதால் கல்லுக்கு ஒருவரும் கிருமித் தொற்றுக்கு இன்னொருவரும் மருந்து கொடுத்திருந்தார்கள். மருந்து முடிவதற்குள் நின்றுவிடும், பிறகு மறுபடி வரும். கூட மாமியாரும் நாத்தனாரும் வந்திருந்தார்கள். என்னிடம் பேசக் கூச்சப்பட்டதால் எங்கள் நர்ஸ் சிஸ்டர்தான் பேசினார்.

"உனக்கு மாசம் எப்பம்மா வருது?"

"ஆபரேஷனுக்கப்புறம் வரவே இல்ல சிஸ்டர்."

"நீர்ல ரத்தம் எப்ப வருது?"

அவள் தயங்கினாள். நாத்தனார் குறுக்கிட்டு, "அமாவாசைய ஒட்டித்தான் வருது. ரெண்டு மூணு தடவ நானே பாத்தேன்" என்றார்.

மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு மாதம் தவறாமல் நீரில் ரத்தம் வந்தால், கருப்பையிலிருந்து வரவேண்டிய ரத்தம் சிறுநீர்ப்பைக்குப் போகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். எகிப்திய மருத்துவர் யூசுஃப் 1957-இல் விவரித்த நோய் இது. சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பகுதியைத் திறக்கிறோம். சிறுநீர்ப்பை அதன்மேல் ஒட்டியிருக்கிறது. முந்தைய அறுவையின் தழும்பால் இரண்டும் இறுக ஒட்டிக்கொண்டிருந்தால், பையில் காயம் பட்டு இரண்டுக்கும் நடுவே துளை உண்டாகலாம். அந்தத் துளை கருப்பை வாய்க்கு மேலே இருந்தால் நீர் கீழே ஒழுகாது. மாதவிலக்கு ரத்தம் மட்டும் பைக்குள் இறங்கும். ஒழுக்கு இல்லாததாலேயே துளை இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

மாதவிலக்கு வர வேண்டிய நாட்களில் சிஸ்டாஸ்கோப் செய்தபோது பையின் பின்சுவரில் அந்தத் துளையிலிருந்து ரத்தம் கசிவதை நேரில் பார்த்தோம். மிகச் சிறிய துளையானால் சிறுநீர்ப்பையில் டியூப் வைத்து, ஹார்மோன் மருந்தால் மாதவிலக்கைச் சில மாதம் நிறுத்தினாலே மூடிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இவளுக்குத் துளை பெரிது. பையையும் கருப்பையையும் பிரித்து, தனித்தனியே தைத்து, மறுபடி ஒட்டாமலிருக்கக் குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தை இடையில் வைத்துத் தைத்தோம். பிறகு மாதவிலக்கு அதன் வழியில் வந்தது. தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரண்டாவது, மூன்றாவது சிசேரியன்களும் கூடிக்கொண்டு போகின்றன. அறுவைக்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, தழும்புள்ள இடத்தில் பையைக் கவனமாக இறக்குவது, சந்தேகம் இருந்தால் அங்கேயே சோதித்துத் தைத்துவிடுவது ஆகியவை இந்த நோயைத் தடுக்கும். அறுவைக்குப் பின் நீரில் ரத்தம் என்று வரும் பெண்ணிடம் தேதி கேட்பதும் அதே அளவுக்கு அவசியம்.

லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கேள்வியின் பதில் சில விநாடிகளில் அடங்கியிருந்தது. வழியில் நிறுத்தி நீர் கழித்தால் தலை வெடிப்பதுபோல் வலிக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். ஒருமுறை புளியமரத்தடியில் மயங்கி விழுந்திருக்கிறார். மரத்தடியில் ஏதோ அடித்துவிட்டது என்று வீட்டில் தாயத்துக் கட்டினார்கள். ஒரு மருத்துவமனையில் பதற்ற நோய் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தொழிலையே விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தார்.

"மத்த நேரத்துல இப்படி வருமா?"

"வராது சார். நீர் போறப்ப மட்டும்தான். ரொம்ப நேரம் அடக்கி வெச்சுப் போனா கட்டாயம் வரும்."

நீர் கழிக்கும்போது மயங்கி விழுபவர்கள் பலர் உண்டு. பெரும்பாலும் அது திடீரென ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. அழுத்தம் இறங்குபவருக்குத் தலைவலியும் படபடப்பும் சேர்ந்து வருவதில்லை. வார்டில் அவர் நீர் கழிப்பதற்கு முன்னும் கழித்த உடனேயும் ரத்த அழுத்தம் பார்த்தோம். முன்பு சாதாரணமாக இருந்தது. கழித்ததும் பயமுறுத்தும் அளவுக்கு ஏறி, கொஞ்ச நேரத்தில் தானே இறங்கியது. ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு சிறு கட்டி தெரிந்தது.

வழக்கமான கட்டியானால் அடுத்த நாளே குழாய் வழியே உள்ளே போய்ச் சுரண்டி எடுத்திருப்போம். இங்கே அது ஆளையே கொன்றுவிடக்கூடும். சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள சில நரம்புசார் செல்களிலிருந்து வளரும் பாராகாங்லியோமா என்ற கட்டி, அட்ரினல் சுரப்பி சுரக்கும் வகை ஹார்மோன்களைத் தானே சுரக்கும். பை சுருங்கும்போது கட்டி அழுந்துகிறது, ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது. 1953-இல் ஸிம்மர்மனும் அவருடைய சக மருத்துவர்களும் முதன்முதலாக இதை எழுதினார்கள். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இந்த வகையில் வராது. முன்தயாரிப்பு இல்லாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, மூளையில் ரத்தக்கசிவோ மாரடைப்போ வரலாம்.

ரத்தத்தில் அந்த ஹார்மோன்களின் சிதைவுப் பொருளான மெட்டாநெஃப்ரின் அளவு பல மடங்கு கூடியிருந்தது. ஆல்பா பிளாக்கர் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, கூடவே நீரும் உப்பும் தாராளமாகக் கொடுத்து இரண்டு வாரம் தயார் செய்தோம். அதற்குப் பிறகுதான் படபடப்புக்குப் பீட்டா பிளாக்கர் சேர்த்தோம். இந்த வரிசை மாறினால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறிவிடும். அறுவையன்று மயக்க மருத்துவர்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் உழைத்தார். கட்டியைச் சுற்றியுள்ள பைச் சுவரோடு சேர்த்து எடுத்து மீதியைத் தைத்தோம். இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்பக்கூடும், சிலருக்கு மரபணுக் கோளாறால் குடும்பத்தில் பிறருக்கும் இருக்கக்கூடும். அதனால் அவர் ஆயுள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். இப்போதும் வருகிறார், லாரியும் ஓட்டுகிறார்.

இன்னும் சில நோய்களில் கேள்வியை வாழ்க்கையின் தொடக்கத்துக்கே கொண்டுபோக வேண்டும். கல்லூரி மாணவன் ஒருவன் விலா வலியோடு வந்தான். விலாவிலும் முதுகிலும் பழைய அறுவைத் தழும்புகள். முதல் கல் எப்போது என்றதற்கு, நாலாம் வகுப்பு படிக்கும்போது என்றான். இத்தனை முறை கல் எடுத்தும் அந்தக் கல் என்ன கல் என்று ஒருமுறைகூட ஆய்வுக்கு அனுப்பப்படவில்லை. அவனுடைய காலை நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது அச்சில் வார்த்த அறுகோணப் படிகங்கள் தெரிந்தன. அந்த வடிவம் சிஸ்டைனுக்கு மட்டுமே உரியது. 1810-இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி சிறுநீர்ப்பைக் கல் ஒன்றை ஆராய்ந்து பிரித்தெடுத்த பொருள் இது. சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டிய இந்த அமினோ அமிலத்தைப் பிறவியிலேயே உறிஞ்ச முடியாமல் போவதுதான் சிஸ்டினூரியா.

அவன் அம்மா தன் தாய்மாமனையே மணந்தவர். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது. பெற்றோர் இருவரும் ஒரே பழுதான மரபணுவை ஒவ்வொரு பிரதி வைத்திருந்தால் அவர்களுக்கு நோய் இராது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவன் தங்கையின் நீரையும் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது, ஆனால் கல் இன்னும் உருவாகவில்லை. அவளுக்கு அறுவையே தேவைப்படாமல் காப்பாற்ற முடியும் என்பது எனக்கு அன்று கிடைத்த பெரிய நிம்மதி.

இந்த நோய்க்கு முதல் மருந்து தண்ணீர். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 250 மி.கி. சிஸ்டைன்தான் கரையும். நாளுக்கு 1,000 மி.கி. வெளியேற்றுபவர் நான்கு லிட்டர் நீர் கழித்தால்தான் கல் உருவாகாது. பகலில் எவ்வளவு குடித்தாலும் இரவில் நீர் கெட்டிப்படும்போதுதான் கல் கட்டுகிறது. அதனால் படுக்கும் முன்னும், நடு இரவில் அலாரம் வைத்து எழுந்தும் குடிக்கச் சொல்கிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்புப் பண்டங்களைக் குறைத்தால் சிஸ்டைன் வெளியேறுவதும் குறைகிறது. பொட்டாசியம் சிட்ரேட் நீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்து கரைதிறனைக் கூட்டுகிறது. இவையும் போதாதவர்களுக்குத்தான் டையோப்ரோனின், பெனிசிலமின் போன்ற மருந்துகள். தினமும் நடு இரவில் எழுந்து தண்ணீர் குடிப்பது இருபது வயதுப் பையனுக்கு எளிதல்ல. அவனை அதைச் செய்ய வைத்தது அவன் அம்மாவின் பிடிவாதம்.

சிறு வயதிலேயே கல் வந்து சிறுநீரகமும் செயலிழந்த குழந்தைகளிடம் முதல் கல் எப்போது என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினை. பிரைமரி ஹைப்பராக்ஸலூரியா என்ற நோயில் கல்லீரல் அளவுக்கு மீறி ஆக்ஸலேட் தயாரிக்கிறது. அதை அறியாமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதிய சிறுநீரகமும் அதே ஆக்ஸலேட்டால் நிறைந்து பழுதாகிவிடும். தானம் கொடுத்த தாயோ தகப்பனோ ஒரு சிறுநீரகத்தை வீணாக இழந்ததாகிவிடும். 2020-இல் அங்கீகாரம் பெற்ற லுமாசிரான் என்ற மருந்து கல்லீரலின் அந்தத் தயாரிப்பையே குறைக்கிறது. அதன் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாது. எட்டும்படி செய்ய வேண்டிய கடமை அரசுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் இருக்கிறது.

வெளியே வந்து சற்று நேரம் ஆனபின் கறுக்கும் நீரும் உண்டு. 1902-இல் ஆர்ச்சிபால்ட் கேரட் பரம்பரை நோய்க்கு உதாரணமாக எழுதிய அல்காப்டனூரியா அது. தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தில் ஒரே மரபணு மாற்றத்தால் பலருக்கு இது இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டார்கள். நீர் கழிக்கும்போது சாதாரண நிறத்தில்தான் இருக்கும். குழந்தையின் துணி காற்றுப்பட்டுக் கறுப்பதைத் தாய்தான் முதலில் பார்க்கிறார். அதைத் துணிக் கறை என்று ஒதுக்கிவிட்டால், முப்பது நாற்பது வயதில் முதுகெலும்பும் மூட்டுகளும் தேய்ந்த பிறகுதான் நோய் தெரியவரும். புராஸ்டேட்டிலும் சிறுநீரகத்திலும் கரிய கற்கள் கட்டும். இந்த நோய்க்குக் காரணமான அமிலத்தைக் குறைக்கும் நிட்டிசினோன் மருந்துக்கு 2020-இல் ஐரோப்பா ஒப்புதல் தந்தது.

கேள்விக்கு அடுத்தபடியாக இந்த நோய்களைக் காட்டிக்கொடுத்தவை ஈதர், நீலச் சாயம், அமாவாசைக் கணக்கு, ரத்த அழுத்தக் கருவி, நுண்ணோக்கி ஆகியவைதாம். எல்லாம் தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும். எனவே அரிய நோயென்றால் பெருநகரத்துக்குப் போனால்தான் தெரியவரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனை தேவைப்படலாம். கண்டுபிடிப்பு உங்கள் ஊரிலேயே நடக்கலாம்.

நோயாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தொந்தரவு வரும் தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நீரை அடக்கியிருந்தீர்கள் என்று எழுதுங்கள். நிறம் மாறினால் ஃபோனில் படம் எடுங்கள், முடிந்தால் அந்த நீரையே சுத்தமான பாட்டிலில் கொண்டுவாருங்கள். விழுந்த கல்லைத் தூக்கி எறியாதீர்கள். சிறு வயதில் கல் வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மற்றப் பிள்ளைகளின் நீரையும் ஒருமுறை பாருங்கள். கூச்சத்தால் மறைக்கும் விவரத்தில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது.

எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு இருக்கும் ஓ.பி. கூட்டத்தின் நெருக்கடி எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் புகாருக்குப் பக்கத்திலேயே அது வரும் வேளையை எழுத வேண்டும் என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்த இடம் காலியாக இருந்தால் ஸ்கேன் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. திரும்பிப் போய்க் கேட்டு வரச் சொல்கிறேன்.